கோல் மரத்தடியில் ஒரு பால் டின்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். வங்காளிப் பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கடைக்காரச் சீனர் அரிசி அளக்கும்போது அவர் கட்டைவிரல் படிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்ப்பேன். யாராவது வீடு தேடி வந்து என்னைப் புகழ்ந்தால், இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். போலீஸ்காரன் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள் என்று என் அப்பாவே கேலி செய்வார். அவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். சந்தேகத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் குணத்தோடு நான் வாழ்க்கைப்பட்டது ஒரு பந்து விளையாட்டுக்காரருக்கு.

கோத்தா திங்கியிலிருந்து ஆற்றை ஒட்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம். நாலாப் பக்கமும் ரப்பர் மரங்கள், நடுவில் ஒரு பந்துத் திடல். துரைக்குப் பந்துப் பைத்தியம். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபடி ஒரு குழுவில் கோல் கீப்பராக நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, நேரில் போய்ப் பார்த்துப் பேசி அழைத்து வந்தார். பதிவில் பால்மரம் வெட்டும் ஆள் என்று இருக்கும். வெட்டுக்கத்தியை அவர் கையால் தொட்டதில்லை. காலையில் ஓட்டம், மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை போட்டி. சம்பளம் அதற்குத்தான். லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்கள் ஒண்டிக் கிடக்கும்போது எங்களுக்கு ஸ்டோர் பக்கத்தில் தனி வீடு, கண்ணாடி ஜன்னலோடு.

இதில் எனக்குப் பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பயமும் இருந்தது. ரப்பர் விலை விழுந்த காலம் அது. ஆள் குறைப்பு என்று சொல்லி, லாரி லாரியாக ஆட்களைக் கொண்டுபோய்க் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நேற்று என்னோடு துணி துவைத்தவள் இன்று லாரியில் உட்கார்ந்து, தட்டுமுட்டுச் சாமான்களைக் காலால் அணைத்துப் பிடித்தபடி போவாள். நான் இந்த மண்ணில் பிறந்தவள். அவருக்கும் ஊரில் திரும்பிப் போக ஒரு குடிசைகூடக் கிடையாது. கையில் தவழும் குழந்தை வேறு. அந்த லாரியில் எங்கள் பெயர் வராமல் இருந்ததற்கு ஒரே காரணம் அவருடைய இரண்டு கைகள்தான்.

அந்தக் கைகளில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது எங்கள் வீட்டு வாசல் நிலை.

சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தால் நிலையில் சாய்ந்து நின்று கச்சான் கடலை கொறிப்பது அவர் வழக்கம். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அந்த வழக்கம் திடீரென்று நின்றது. வாசலைத் தாண்டும்போது தோளைத் திருப்பிக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி சட்டென்று உள்ளே வந்துவிடுவார். ஒரு நாள் வேண்டுமென்றே குழந்தையை வாசலில் நின்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "உள்ள வந்து குடு" என்றார். முகம் வெளுத்திருந்தது. யாருக்கோ பயந்து ஒளிகிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சனிக்கிழமையானால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் போய் ஓங்கரிப்பார். ஒன்றும் வராது, சத்தம் மட்டும் வரும். தூக்கம் என்பதே போய்விட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடியே விடியவைப்பார். கல்யாணமான புதிதில் அவர் குறட்டைக்குப் பயந்து நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டவள். இப்போது அந்தக் குறட்டை எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருந்தது.

ஆம்பிளைக்குத் தூக்கம் கெட்டால் கள், சீட்டு, பெண் என்பது அப்போது நான் வைத்திருந்த கணக்கு. கள்ளுக்கடை இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. சீட்டைத் தொடமாட்டார். மிச்சம் ஒன்றுதான்.

சொல்லிவைத்தாற்போல அவர் வெள்ளிக்கிழமைகளில் கோத்தா திங்கி போக ஆரம்பித்தார். ரப்பர் ஷீட் ஏற்றிப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டு போவார். பொழுது சாய வருவார்.

"எங்க போனீங்க?"

"சும்மாதான். ஆத்தங்கரையில உக்காந்திருந்தேன்."

"நம்ம தோட்டத்துலயும் ஆறு ஓடுது."

அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். சாம்பிராணி வாசம். எவள் தலைக்குக் குளித்துச் சாம்பிராணி போடுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் புதிதாக ஒரு சிவப்புக் கயிறு. போன வாரம் இல்லாதது. கேட்டதற்கு, கடையில் வாங்கினேன் என்றார். எந்தக் கடை என்றால் ஞாபகமில்லையாம்.

அதற்கப்புறம்தான் அந்தப் பனியன் விஷயம். மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பச்சைப் பனியன், கோல் கீப்பருக்கு மட்டும் மஞ்சள். போட்டி முடிந்ததும் எல்லாப் பனியன்களையும் மூட்டையாகக் கட்டித் துவைக்கக் கொடுப்போம். மூட்டை கட்டுமுன் மஞ்சள் பனியனை உதறினேன். இடது கையில் ஒரு துண்டைக் காணோம்.

"முள்வேலியில மாட்டிக்கிச்சு" என்றார்.

"முள்ளு கத்திரிக்கோல் வச்சா வெட்டுது? நேரா இருக்கே!"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "துவைக்கப் போட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோளைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

பனியன்களைத் துவைப்பவள் தோட்டத்தில் முடிவெட்டுபவரின் மனைவி. முடிவெட்டுபவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமரத்தடியில் பலகை போட்டு உட்காருவார். தோட்டத்தின் தலையெல்லாம் அவர் கையில்தான். அவர் மனைவிக்குப் பிரசவம் பார்ப்பதும் தொழில். என் மகளை முதலில் கையில் வாங்கியது அவள்தான். வயதில் எனக்கு ரொம்ப மூத்தவள். இருந்தாலும் லயத்துப் பெண்களில் ஒருத்தியும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "இந்தா" என்போம். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த மாதக் கடைசியில் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தோடு போட்டி. ஜெயித்தால் கோப்பைக்கான கடைசி ஆட்டம். இரண்டு தோட்டத்து ஆட்களும், கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும், கடைத்தெருச் சீனர்களும் திடலைச் சுற்றி நின்றார்கள். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் நாங்கள் பள்ளிக்கூடச் சாய்ப்பு நிழலில் நின்றோம். நான் பந்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் பனியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் எந்தப் பெண்ணையாவது பார்க்கிறாரா என்று கவனிக்கவேண்டும் எனக்கு.

அதனால்தான் திடலில் வேறு யாரும் பார்க்காததை நான் பார்த்தேன். பந்து அந்தக் கோடியில் இருந்தது. எங்கள் ஆட்கள் எதிராளியின் கோலை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிக் கத்துகிறது. இவர் மட்டும் இந்தக் கோடியில் கோல் மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மார்பு ஏறி இறங்கியது. பிறகு மரத்திலிருந்து கையை எடுத்தார். திரும்பினார். கோட்டைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் நுழைந்து வீட்டைப் பார்த்து நடந்தார். ஓடவில்லை. கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார்.

பந்து திரும்பி வந்தபோது காலியான கோலுக்குள் அக்கரைக்காரன் ஒருவன் மெதுவாக உருட்டிவிட்டான்.

"அலமாக்! எங்க ஆளு?" என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன்.

வீட்டில் அவர் அடுப்படியில், சுவர்கள் கூடும் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "எவ அவ?" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஓடிவரும் ஆளின் காலடியில் விழுந்து பந்தைப் பிடுங்குகிற கைகள். பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வைத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. அவரைப் பற்றிய சந்தேகம் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் போனது. எங்களைச் சுற்றியிருந்தவர்களைப் பற்றிய சந்தேகம் அதே நிமிஷத்தில் ஆரம்பித்தது.

ஆட்டம் முடிந்ததும் பெரிய கிராணி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கூடவே ஆசுப்பத்திரி டிரெசர். பின்னால் பாதித் தோட்டம்.

"உள்ளதைச் சொல்லும். அக்கரைக்காரரிட்ட எவ்வளவு வாங்கினீர்?" என்றார் கிராணி.

டிரெசர் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, அடிபட்ட காயமும் இல்லை. "ஒடம்புல ஒண்ணும் இல்ல. ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். கூட்டத்தில் பெருமூச்சும் ஏச்சும் சேர்ந்து வந்தன. காயம் இல்லை என்றால் காசு என்றுதானே அர்த்தம். எங்கள் தகரப்பெட்டியைத் திறந்து என் கல்யாணப் புடவையைத் தரையில் போட்டுத் தேடினார்கள். "தேடுங்க, நல்லாத் தேடுங்க. பிள்ள தூளிக்குள்ளயும் பாருங்க!" என்று நான் கத்தினேன். ஒருவன் உண்மையிலேயே தூளியைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தை நான் மறக்கவில்லை.

ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அவர்கள் சந்தேகம் குறையவில்லை, ஆற்றங்கரையில் புதைத்திருப்பார் என்று வளர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கோத்தா திங்கி போனதை லாரி ஓட்டுகிறவன் சொன்னான். கதை பொருந்திவிட்டது. அடுத்த லாரியில் நாங்கள் போவது உறுதி என்று முகத்துக்கு நேராகவே பேசினார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காற்று திசை மாறியது. நல்லா இருந்த ஆள் ஆட்டத்தின் நடுவே விட்டுப் போவானா, இது செய்வினை என்று யாரோ சொல்ல, தோட்டமே அதைப் பிடித்துக்கொண்டது. காசு வாங்கினான் என்பதைவிட இதில் எல்லோருக்கும் ஆறுதல் இருந்தது. பந்தயம் கட்டித் தோற்றவர்களுக்கு, தோற்றது அவர்கள் தப்பில்லை. கிராணிக்கு, தான் தேடிக் கொண்டுவந்த ஆள் கெட்டவனில்லை. கோவில் பூசாரியை அழைத்தார்கள். உடுக்கை அடித்து அருள் வந்து, கோல் மரத்தடியில் தோண்டச் சொன்னார். அந்தப் பூசாரியையும் நான் நம்பியதில்லை. யார் வீட்டில் எது நடந்தாலும் தோண்டத்தான் சொல்வார். எங்கே தோண்டினாலும் பழைய டின்னோ எலும்போ கிடைக்கிற தோட்டம் அது.

முதல் கோல் மரத்தடியில் ஒரு குதிரை லாடம் கிடைத்தது. அதை யாரும் மதிக்கவில்லை. மற்றக் கோடியில், அவர் கையால் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மரத்தின் கீழே, மண்வெட்டி டங்கென்று தட்டியது.

ஒரு பால் டின். உள்ளே சுருங்கிப்போன எலுமிச்சம்பழம், கோடு கீறிய செப்புத் தகடு, ஒரு பிடி தலைமுடி. எல்லாவற்றையும் சுற்றியிருந்தது மஞ்சள் துணி. சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

சனம் ஓவென்று பின்வாங்கியது. நான் டின்னைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் திகில். அவர் முகத்தில் வெட்கம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, சாம்பிராணி, கயிறு, கத்திரிக்கோல். கோத்தா திங்கியில் எவனோ ஒரு மந்திரக்காரன், பயம் போக வழி என்று சொல்லி, அவர் முடியையும் அவர் துணியையும் கேட்டு வாங்கி, அவர் நிற்கிற இடத்தில் அவரையே புதைக்கச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் கூட்டத்துக்கு வேறு கணக்கு.

"முடி யாரு கையில இருக்கும்?" என்றான் ஒருவன்.

"பனியன் யாரு வீட்டுக்குப் போவுது?" என்றான் இன்னொருவன்.

ரெண்டும் ஒரே வீடு. கேட்டவர்கள் பதிலே சொல்லவேண்டியிருக்கவில்லை. முடிவெட்டுபவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி இடம் காலியாகிக்கொண்டே போனது.

அன்று மதியத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வராதவர்களெல்லாம் வந்தார்கள். தூளியைத் தொட்டவன் இளநீர் கொண்டுவந்தான். மீன் குழம்பு வந்தது, முருங்கைக்கீரை வந்தது. அவரை உட்காரவைத்து, "ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, எடுத்தாச்சுல்ல, இனிமே ஆடலாம், ஆடாட்டியும் பரவால்ல" என்றார்கள். ஆடாவிட்டாலும் பரவாயில்லை! அந்த வார்த்தைக்காக அவர் எத்தனை வெள்ளிக்கிழமை அலைந்திருப்பார். கொண்டுவந்த குழம்பை நான் முதலில் பூனைக்கு வைத்துப் பார்த்தேன், அது வேறு விஷயம்.

முடிவெட்டுபவர் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. அவர் மனைவி குழாயடிக்கு வந்தபோது பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். இவளா நம்ம பிள்ளைகளைத் தொட்டா என்று ஒருத்தி காறித் துப்பினாள். அப்படித் துப்பியவளின் மூன்று பிள்ளைகளும் இவள் கையில் பிறந்தவை. மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, துரை முன்னால், அந்தக் குடும்பத்தை லாரியில் ஏற்றச் சொல்லிக் கேட்பது என்று முடிவாயிற்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"டின்னை வச்சது நான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருக்க."

"நீங்களும் பேசாம இருங்க. பழியை நாம போடல, அவங்களா போட்டுக்கிட்டாங்க. வாயத் தொறந்தா அந்த லாரி நமக்குத்தான். இல்லாட்டி, கீலான்னு சொல்லிப் பைத்தியக்கார ஆசுப்பத்திரியில கொண்டு போய் அடைப்பாங்க. நானும் பிள்ளையும் எங்க போறது?"

இதை நான் தெளிவாகத்தான் சொன்னேன். பயந்துதான் சொன்னேன். கையில் பிள்ளையோடு அந்த லாரியைப் பார்த்தவர்கள் என்னை வந்து ஏசட்டும்.

அவர் கொஞ்ச நேரம் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து பேசாத அளவுக்குப் பேசினார்.

"பந்து வர்றது எனக்குப் பயமில்ல புள்ள. வந்தா கையி பாத்துக்கும். வராம இருக்கு பாரு, அதான் தாங்கல. எல்லாரும் அந்தக் கோடிய பாத்துக் கத்துறாங்க. நான் ஒத்தையா ரெண்டு மரத்துக்கு நடுவுல நிக்கிறேன். மாரு அடைக்குது. மரம் ரெண்டும் கிட்டக்கிட்ட வர்ற மாதிரி இருக்குது. நம்ம வாசல்ல நின்னாக்கூட அப்படித்தான். யாருகிட்ட சொல்றது? காலு ஒடிஞ்சா சொல்லலாம். இத எப்படிச் சொல்றது? காசு வாங்கினேன்னு சொன்னாங்க, தாங்கிக்கிட்டேன். நான் வாங்கல, எனக்குத் தெரியும். ஆனா அந்தாளு கூரையில விழுகுற கல்லு ஒவ்வொண்ணும் நான் எறிஞ்சது. இனி எனக்குத் தூக்கம் வரும்னா நெனக்கிற?"

நான் அடுப்பை ஊதினேன். எரிந்துகொண்டிருந்த அடுப்புதான்.

மறுநாள் பெரட்டு. விடியுமுன் லாந்தர் வெளிச்சத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்கவேண்டும். பந்துக்காரர் என்பதால் இவருக்கு அதுவரை பெரட்டே கிடையாது. அன்று எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

துரை காரிலிருந்து இறங்கினார். கிராணி முடிவெட்டுபவரை முன்னால் வரச்சொன்னார். அவர் வந்து நின்றார். கையில் கத்திப்பெட்டி இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் உடைத்துவிடுவார்களோ என்று எடுத்து வந்திருப்பார் என நினைக்கிறேன். அவர் மனைவி தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிராணி வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் வரிசையிலிருந்து வெளியே வந்தார்.

"அந்த டின் என்னுது" என்றார். "முடியும் என்னுது, துணியும் நான்தான் வெட்டினேன். பொதைச்சதும் நான்தான். பயம் போவும்னு ஒருத்தன் சொன்னான், செஞ்சேன். போவல. யாரும் எனக்குச் செய்வினை வைக்கல. யாருகிட்டயும் நான் காசு வாங்கல. எனக்கு அங்க நிக்க முடியல. மனசு தாங்கல. இனிமே பந்து பிடிக்க மாட்டேன்."

பின்வரிசையில் யாரோ, "கீலா லா" என்றான். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அவர் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். "கீலாவே இருக்கட்டும். அவரு வைக்கல."

துரை கிராணியின் முகத்தைப் பார்த்தார். கிராணி இங்கிலீஷில் சொன்னார். இவர் பேசியது இவ்வளவு, அவர் சொன்னது அதைவிட நீளம். அவருக்கு என்ன அவ்வளவு சொல்ல இருந்தது? துரை பதிலுக்கு முகம் சிவந்து, கைத்தடியைப் பூட்ஸில் தட்டித் தட்டி நிறையப் பேசினார். லாரி என்பது இங்கிலீஷிலும் லாரிதான். அந்த வார்த்தை இரண்டு தரம் என் காதில் விழுந்தது. கிராணி குரலை இறக்கி மறுபடியும் ஏதோ சொன்னார். துரை காரில் ஏறிப் போய்விட்டார்.

கிராணி இவர் பக்கம் திரும்பி, "நாளையிலயிருந்து பால் வெட்டப் போகட்டாம். வீட்டை இண்டைக்கே விடட்டாம்" என்றார். "அவ்வளவுதான். எல்லாரும் வேலைக்குப் போங்கோ."

துரை சொன்னது அதுதானா? எனக்கு இன்றுவரை சந்தேகம். லாரி என்ற சொல் எங்கே போயிற்று? அந்த மனிதர் எங்களுக்காகத் துரையிடம் கெஞ்சினாரா, தான் கொண்டுவந்த ஆளை அனுப்பினால் தனக்குத்தான் கேடு என்று பார்த்தாரா, தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்?

லயத்தில் காலியாக இருந்தது ஒரே அறை. முடிவெட்டுபவர் வீட்டுக்கு அடுத்த அறை. டின் எடுத்த அன்றைக்கே அங்கிருந்தவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வேறு லயத்துக்கு ஓடியிருந்தார்கள். நாங்கள் பெட்டியோடும் தூளியோடும் போய் இறங்கினோம். கண்ணாடி ஜன்னல் போயிற்று. வாசலுக்குக் கதவு கூட இல்லை, ஒரு சாக்குப் படுதாதான். லயத்து அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு ஆள் உயரத்துக்குத்தான் இருக்கும். மேலே கூரை வரைக்கும் திறப்பு. அந்த வீட்டில் உப்புப் போதவில்லை என்று சொன்னால் இந்த வீட்டில் கேட்கும். ஆனால் எங்கள் பக்கமாக அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பழி நீங்கியதற்காக அவர்கள் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்க எனக்கென்ன பைத்தியமா? பழி வந்ததே எங்களால்தான்.

முடிவெட்டுபவர் மாமரத்தடியில் பலகை போடுவதை நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் மாறியது. வெட்டி முடித்ததும், கீழே விழுந்த முடியைத் துடைப்பத்தால் கூட்டி, பழைய காகிதத்தில் மடித்து, அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவார். "எண்ணிப் பாத்துக்க" என்பார். ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் தலையையும் அவர்தான் வெட்டினார். பொட்டலமும் கொடுத்தார். இவர் அதைக் கொண்டுவந்து என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு அடுப்பில் போட்டார்.

மரம் வெட்டுவது அவருக்கு வரவில்லை. பட்டையை ஆழமாகக் கீறி, மரத்துக்குக் காயம் பட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்குவார். பந்துத் திடலைத் தாண்டித்தான் அவர் வெட்டும் மர நிரைக்குப் போகவேண்டும். திடலில் வேறொருவன் மஞ்சள் பனியனோடு நின்றான். இவர் அந்தப் பக்கம் பார்க்காமல் போவார். ஒரு நாள் சாயங்காலம் நான் தண்ணீர் எடுத்து வரும்போது, சாக்குப் படுதாவை ஒதுக்கிவிட்டு வாசலில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் கச்சான் இல்லை. ஆனால் நின்றார். நான் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி உள்ளே போய்விட்டேன். நல்லது நடந்தாலும் உடனே நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலை. அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் குழாயடிக்குப் போனேன். அடுத்த வீட்டுக்காரி எனக்கு முன்பே குடம் வைத்திருந்தாள். அவள் வந்தால் மற்றவர்கள் விலகுவது நின்றிருந்தது. ஆனால் அவள் யாரோடும் பேசுவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, முகம் வீங்கியிருந்தது. நான் குடத்தைப் பின்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

குடம் நிறைந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஒன் புருசன் விடுற கொறட்டையில எங்க வூட்டுல ஒருத்தரும் கண்ண மூடல. மூணு ராத்திரியா."

ஏச்சாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா, அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். என்னால் பார்க்க முடியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். நானும் அதே அறையில்தான் படுத்திருந்தேன். நானும் அந்த மூன்று ராத்திரியும் விழித்துக்கிடந்தேன், அது நின்றுவிடுமோ என்று.

"தூங்கட்டும்க்கா" என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் குடத்தைக் காலால் தள்ளிக் குழாய்க்கு அடியில் நகர்த்திவிட்டுப் போனாள்.